செவ்வாய்க் கிரகத்தில் களிமண்ணைக் கண்டதும் ஏரி என்று எழுதிவிடாதீர்கள்

போன சனிக்கிழமை, இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில்லிலிருந்து இரண்டு பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். செவ்வாயில் விண்கல் மோதிய ஒரு பெருங்குழியில் ஏரி இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். வாங்கி வந்த தால்பூரி ஆறிப்போகும்வரை விளக்கினார்கள். பார்த்தால், பல வருடங்களுக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, அதே வரைபடம், அதே உற்சாகம். சொன்னால் முகம் வாடிவிடும் என்று அன்றைக்கு மென்று விழுங்கிவிட்டேன். அதனால்தான் செவ்வாய்த் தரவில் தண்ணீரைத் தேடுகிறவர்கள் செய்யும் தப்புகளை இப்போது எழுதுகிறேன். அலகை மாற்றிப் போடுவது, வடக்கு தெற்கைக் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் தானே திருந்திவிடும்.

சிவப்பைப் பார்த்து மயங்குவது

இரும்பு துருப்பிடித்திருக்கிறது, ஆகவே தண்ணீர் ஓடியது என்று எழுதுகிறார்கள். செவ்வாயின் சிவப்பு என்பது கிரகம் முழுக்கப் போர்த்தியிருக்கும் மெல்லிய தூசி. காற்று அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போடும். அந்தத் தூசியில் இருக்கும் இரும்பு ஆக்சைடு எது, அது உருவாகத் தண்ணீர் வேண்டுமா என்பதே நீண்டகால விவாதம். நீரில்லாத ஹெமடைட் என்று பலர் நினைத்திருக்க, 2025இல் வந்த ஓர் ஆய்வு நீருள்ள ஃபெரிஹைட்ரைட்தான் பொருந்துகிறது என்றது. ஆக, நீங்கள் பார்க்கும் இடத்துக்கு அந்தச் சிவப்பு சாட்சி சொல்லாது.

பொய்நிறப் படம்

நீலமாகத் தெரிவது தண்ணீர் இல்லை. படம் செய்தவர் போட்ட நிறம்.

களி இருந்தால் ஏரி இருந்தது என்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், முதலில் என் மேலேயே.

நான் பகலில் மண் பரிசோதிக்கிறவன். கரும்புத் தோட்டத்து மண் பை பையாக வரும். காயவைத்து, இடித்து, சலித்து, எடைபோட்டு முடிக்கும்போது நகக்கண்ணில் ஏறிய சிவப்பு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போகாது. அத்தனையும் களி. அந்தத் தோட்டங்களில் என்றைக்கும் ஏரி இருந்ததில்லை. எரிமலைக் கல்லின் மேல் மழை பெய்தது, பெய்துகொண்டே இருந்தது, கல் களியானது, அவ்வளவுதான். ஷமாரெலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஏழு வண்ண மண்ணைப் படமெடுக்கிறோமே, அதுவும் இப்படி பசால்ட் நைந்து வந்ததுதான். கரையக்கூடியதை மழை இழுத்துக்கொண்டு போய்விட்டது, இரும்பும் அலுமினியமும் தங்கி நிறம் காட்டுகின்றன.

இதெல்லாம் தெரிந்த நான் இரவில் செவ்வாயின் தரவை இறக்கி, பாறை திருப்பும் ஒளியைச் சுற்றுக்கலத்திலிருந்து அளந்த கிரிஸம் கருவியின் நிறமாலையில் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பியது என்று காட்டும் கோடு) 1.9 மைக்ரோமீட்டரில் ஓர் இறக்கம், 2.3இல் இன்னொன்று என்று பார்த்ததும், இரும்பும் மக்னீசியமும் கலந்த ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமம் என்று சரியாகவே அடையாளம் கண்டு, அடுத்த வரியிலேயே 'ஏரி' என்று எழுதினேன். ஏழு மாத உழைப்பு. வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கு, விமான டிக்கெட் கைக்காசு. என் ஆய்வைப் போட்டிருந்த சுவரொட்டிக்கு முன்னால் வயதான ஓர் அம்மா வந்து நின்றார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் படித்தார், பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தக் களி எந்த அடுக்கில் இருக்கிறது?"

நான் பார்க்கவே இல்லை. அவரே அதே சுற்றுக்கலத்திலுள்ள ஹைரைஸ் கேமராவின் படத்தைத் திறந்து காட்டினார். கிரிஸத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 18 மீட்டர், ஹைரைஸில் 30 சென்டிமீட்டர்தான், பாறை பாறையாகத் தெரியும். களி இருந்தது குழியின் நடுமேட்டில். விண்கல் மோதியபோது ஆழத்திலிருந்து மேலே தள்ளப்பட்ட பழைய பாறை அது, அந்தக் குழிக்கே மூத்தது. ஏரி இருந்திருந்தால் சேறு படிந்திருக்க வேண்டிய தரையிலோ களியின் தடயமே இல்லை. அந்த அம்மா சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

களி மண்ணுக்கு அடியில் சூடான நிலத்தடி நீரிலும் உண்டாகும், மழையோ உருகிய பனியோ மேலிருந்து ஊறியும் உண்டாகும், வேறெங்கோ உண்டாகி ஆற்றோடு வந்தும் படியும். செவ்வாயின் மாவர்த் வாலிஸ் பகுதியில் மேலே அலுமினியக் களி, கீழே இரும்பு மக்னீசியக் களி என்று அடுக்கு இருக்கிறது. நம்மூர் மேட்டு நிலத்தில் தோண்டுகிறவனுக்கு அதைப் பார்த்ததும் மழை ஊறிய மண் ஞாபகம்தான் வரும். கனிமம் தண்ணீர் பட்டது என்று மட்டும் சொல்லும். எங்கே, எவ்வளவு நாள் என்பதை அடுக்கும் பாறை மணியின் (துகளின்) அளவும்தான் சொல்லும்.

நாசாவின் பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. குசெவ் பெருங்குழிக்குள் ஒரு பெரிய பள்ளத்தாக்கு வந்து சேர்கிறது, அதனால் உள்ளே ஏரிப் படிவு இருக்கும் என்று நம்பி 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தியை அங்கே இறக்கினார்கள். சமவெளியில் கிடந்தது எரிமலைக் கல். நீரின் தடயங்கள் பிறகு அதே குழியிலுள்ள கொலம்பியா குன்றுகளில்தான் கிடைத்தன. 2021இல் பெர்செவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசெரோ பெருங்குழியில் ஆற்றுக் கழிமுகம் கண்ணுக்கே தெரிகிறது, ஆனாலும் குழியின் தரையில் முதலில் தோண்டியது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. சரியாகச் செய்ததற்கு கேல் பெருங்குழியைப் பாருங்கள். 2013இல் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே துளைத்த பாறையில் சுமார் 20 சதவீதம் ஸ்மெக்டைட். ஆனால் ஏரி என்று சொல்லக் காரணம் அந்த எண் மட்டும் இல்லை. மாவு போன்ற நுண்மணி, மெல்லிய அடுக்குகள், களி அங்கேயே உண்டானதற்கான வேதியியல், எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின.

ஒரே ஓர் இறக்கத்தை நம்புவது

2.3 மைக்ரோமீட்டரில் கார்பனேட் கனிமத்துக்கும் இறக்கம் வரும். 2.5 பக்கமும் பாருங்கள். கருவியின் இரைச்சலும் கனிமம் போல வேஷம் போடும். செவ்வாயின் சரிவுகளில் கோடையில் நீளும் கருங்கோடுகளில் நீரேறிய பெர்குளோரேட் உப்பு இருப்பதாக 2015இல் பெரிய செய்தி வந்தது. 2018இல் இன்னொரு குழு, கிரிஸம் தரவைச் சுத்தம் செய்யும் முறையே 2.1 பக்கம் இல்லாத இறக்கத்தை உண்டாக்கிவிடுகிறது என்று காட்டியது. பக்கத்துப் புள்ளிகளிலும், வேறு நாளில் எடுத்த படத்திலும் அதே இறக்கம் வராவிட்டால் வாயைத் திறக்காதீர்கள்.

இருக்கக் கூடாததைத் தேடாமல் விடுவது

கரும்புத் தோட்டத்துக் கல் குவியலில் ஒரு கல்லை எடுத்து உடையுங்கள். உள்ளே சாம்பல் நிறம், ஆங்காங்கே பச்சைப் பொட்டு, அது ஆலிவீன் என்ற கனிமம். வெளித்தோலில், விரல்நகப் பருமன்கூட இல்லாத பட்டையில், அதே பொட்டு துருவாகியிருக்கும். ஆலிவீனுக்கும் தண்ணீருக்கும் அப்படி ஒரு பகை. செவ்வாயில் நிலி ஃபோசே பகுதியில் கோடிக்கணக்கான வருடங்களாக ஆலிவீன் நிறையக் கிடக்கிறது. அதன் பிறகு அங்கே தண்ணீர் அதிகம் தங்கவில்லை என்றுதான் அர்த்தம். மெரிடியானி சமவெளியில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி கண்ட ஜாரோசைட் என்ற கனிமமும் இப்படித்தான்: அமில நீரில் பிறக்கும், ஈரம் தொடர்ந்தால் சிதையும். அது இன்னும் இருக்கிறதே, அப்படியானால் அதற்குப் பிறகு வறட்சி. தண்ணீருக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் தண்ணீர் நின்றதற்கான ஆதாரத்தை மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

தண்ணீர் என்றதும் உயிர் என்பது

வேறு சண்டை. இன்றைக்கு வேண்டாம்.