மாடியில் விளைந்த மஞ்சள்: கடைசி உரத்திலிருந்து பொடி டப்பா வரை

மஞ்சள் நடுவது பெரிய வித்தை இல்லை. வைகாசியில் ஒரு பையில் விதை மஞ்சளைப் புதைத்து வைத்தால் ஒரு மாதத்துக்குள் முளைத்துவிடும். குழப்பமெல்லாம் தை மாதத்தில்தான் வரும். இலை பழுக்கிறதே, இன்னும் தண்ணீர் விடலாமா? தோண்டிய கிழங்கை அப்படியே காயவைத்து அரைக்கலாமா? முதல் முறை வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது இவைதான். முதல் வருடம் இரண்டிலும் நான் தப்பான பக்கம் போனவன்.

கடைசி உரம்

ஐந்தாவது மாதத்தில் கிழங்கு பெருக்க ஆரம்பிக்கும். வைகாசியில் நட்டிருந்தால் ஐப்பசி, கார்த்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் செடிக்குத் தேவை சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை வாழை மாதிரி தளதளவென்று நிற்கும், அடியில் விரல் விரலாகக் கிளைக்கும் கிழங்கு சிறுத்துக் கிடக்கும்.

நான் போடுவது இவ்வளவுதான்: பைக்கு இரண்டு கை மட்கிய தொழு உரம், பதினைந்து நாள் கழித்து ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சாம்பலின் காரத்தில் உரத்திலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். நிலக்கரிச் சாம்பல் வேண்டாம், விறகு எரித்த சாம்பல்தான் வேண்டும். போட்ட பிறகு வெளியே தெரியும் கிழங்குகளை மண்ணால் மூடி அணைத்து விடுங்கள்.

மார்கழி பிறந்ததும் உரத்தை நிறுத்திவிடுங்கள். ரசாயன உரம் போட்டுப் பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், அதற்கு முன்பே ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றி அடியில் வடியவிட்டால் போதும். அறுவடை நெருக்கத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், கிழங்கு அழுகும்.

பொங்கல் சோதனை

பொங்கலுக்குப் பானையில் கட்ட எப்படியும் ஒரு கொத்து வேண்டும். ஒரு பையை மட்டும் அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். இலையோடு பிடுங்கி, ஒரு விரலை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தால் மற்ற பைகளும் வழியில் இருக்கின்றன என்று அர்த்தம். வெளிறி, தோல் நகத்தால் கீறினாலே உரிந்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் ஒன்பது மாதம் ஆகும்.

தண்ணீரை நிறுத்துவது

முதல் வருடம் இலை மஞ்சளானதைப் பார்த்து, செடி வாடுகிறது என்று பயந்து கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடும் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, “பயிரு முடிஞ்சு போச்சு கண்ணு, இன்னும் என்னத்துக்குத் தண்ணி உட்டுட்டு இருக்கற?” என்றார். ஆறு பைகளில் இரண்டு அதற்குள் அழுகியிருந்தன.

பாதி இலை பழுத்ததும் தண்ணீரைக் குறையுங்கள். எல்லா இலையும் காய்ந்து சாய்ந்ததும் முழுக்க நிறுத்துங்கள். தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டுவிடலாம். தோல் முற்றும். பிறகு பையைக் கவிழ்த்துக் கொட்டினால் வேலை முடிந்தது, மண்வெட்டி வேண்டாம்.

மண்ணை உதறி, வேர்களைக் கிள்ளி, நடுவிலுள்ள குண்டு மஞ்சளையும் கிளைத்த விரலி மஞ்சளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். அடுத்த வருட விதைக்கு நல்லதாகக் கொஞ்சம் இப்போதே எடுத்து, நிழலில் மணலுக்குள் வைத்துவிடுங்கள். வேகவைத்தது முளைக்காது. மளிகைக் கடை மஞ்சளை நட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கும் இதுதான் பதில்.

வேகவைப்பது

பக்குவமெல்லாம் இங்கேதான். பச்சையாகவே காயவைத்தால் வாரக்கணக்கில் இழுக்கும், நிறம் திட்டுத் திட்டாக வரும், பச்சை வாடை போகாது. வெந்தால் உள்ளேயிருக்கும் மாவுச்சத்து கூழாகி இறுகும், நிறம் கிழங்கு முழுவதும் ஒரே சீராகப் பரவும், சீக்கிரம் காயும். தோண்டிய இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிடுங்கள்.

நன்றாகக் கழுவிய விரலி மஞ்சளை ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு, மூழ்கி இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, மூடிப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். பாத்திரம் கறையாகும், அதனால்தான் பழையது. குண்டு மஞ்சள் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும், அதைத் தனியாகப் போடுங்கள். அந்தக் காலத்தில் சாணிப்பாலில் வேகவைத்தவர்களும் உண்டு, வீட்டில் சாப்பிடும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நுரை தள்ளி, வெள்ளையாக ஆவி வந்து, மஞ்சளுக்கே உரிய வாசனை வீடெல்லாம் பரவும். அப்போதிலிருந்து பக்கத்தை விட்டு நகராதீர்கள். ஒரு பல்குத்தும் குச்சியால் குத்துங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் வெளிறிய பகுதி இருக்கக் கூடாது. வேகாதது காய்ந்ததும் நொறுங்கும். ரொம்ப வெந்தது குழைந்து, நிறமும் கெடும். குக்கரில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இடையில் திறந்து குத்திப் பார்க்க முடியாது என்பதால் நான் வைப்பதில்லை.

காயவைப்பது

வடிகட்டி, சுத்தமான பாய் அல்லது துணியில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி வெயிலில் போடுங்கள். தினமும் ஒருமுறை கிளறிவிடுங்கள். சாயங்காலம் பனி விழுமுன் உள்ளே எடுங்கள் அல்லது மூடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பத்து முதல் பதினைந்து நாள் ஆகும். துணியில் கறை படிந்தால் கவலைப்படாதீர்கள், வெயிலே அதை வெளுக்க வைத்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு விரலியை உடையுங்கள். “டக்” என்று உலோகம் தட்டின மாதிரி சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு நாள்.

எடை குறைவதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். போன தடவை எனக்கு ஐந்து கிலோ பச்சை மஞ்சள், காய்ந்த பிறகு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது சரியான கணக்குதான்.

பொடி

காய்ந்ததைக் கோணிப்பையில் போட்டு இரண்டு பேர் பிடித்துக் குலுக்கினால் மேல்தோலும் வேர்த் துணுக்கும் உதிர்ந்து மினுமினுக்கும். முழு மஞ்சளை மிக்ஸியில் போடாதீர்கள், பிளேடு போய்விடும். உலக்கையால் இடித்துச் சில்லாக்கிவிட்டு, கொஞ்சமாக இருந்தால் மிக்ஸி, நிறைய இருந்தால் மாவு மில். மில்லில் மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கும். கண்ணாடிப் பாட்டிலில் ஜன்னலோரம் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் இருட்டான அலமாரியில் வையுங்கள். நான் மூன்று மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துவிட்டு மீதியை விரலியாகவே வைத்திருக்கிறேன். கடைப் பொடிக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ரசத்தில் கால் டீஸ்பூன் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.