ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு: பழைய காரில் ஷார்ட் கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா 1999-ல் வாங்கியது. போன ஐப்பசியில் அதில் பார்க் லைட் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. புதிதாகப் போட்டால் சில சமயம் இரண்டு நாள் தாங்கும், சில சமயம் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. அது போனால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்தே அணைந்துவிடும். தென்காசியிலிருந்து ஊருக்குத் திரும்பும் இருட்டில், பின்னால் வருகிற லாரிக்கு நம் வண்டி தெரியாது. அதனால்தான் இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் வண்டியைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங்கைப் பார்க்கவே இல்லை. பச்சை நிற ஃபியூஸ் ஒன்றைச் செருகி அனுப்பிவிட்டார்கள். பச்சை என்றால் 30 ஆம்பியர். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. ஃபியூஸ் டப்பா மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு படிகூட ஏற்றக் கூடாது. ஃபியூஸ் உருகாவிட்டால் அந்தச் சூட்டை ஒயர்தான் தாங்க வேண்டும். அதன் தோல் உருகி, பக்கத்து ஒயரின் தோலும் உருகி, கார்ப்பெட் வரை தீ போகும். அப்பாவின் பழக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி இருக்கிறார். அந்தப் பச்சை ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "ஏம்மா, ஃபியூஸ் போகுதுன்னா வண்டி எதையோ சொல்லுதுன்னு அர்த்தம். அது வாயப் போய் அடைக்கலாமா?" என்றார். கண்டுபிடிக்கும் வழியையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

ஷார்ட் என்பது பெரிய மர்மம் இல்லை. காரின் இரும்பு பாடி முழுக்க பேட்டரியின் மைனஸோடு சேர்ந்தது. எங்கோ ஓர் இடத்தில் ஒயரின் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் செம்பு பாடியைத் தொடுகிறது. கரண்ட் பல்புக்குப் போகாமல் அங்கேயே குறுக்கு வழியில் எர்த் ஆகிவிடுகிறது. நாம் தேடுவது அந்த ஒரு புள்ளியை.

(ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்றால் அது வேறு வியாதி. வண்டியை அணைத்த பிறகும் எதுவோ கரண்ட் குடிக்கிறது. அதற்குத் தேடும் முறையும் வேறு.)

சரி, தேவையான சாமான்கள்: பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு மீட்டர் ஒயர், ஒரு டார்ச். போன ஃபியூஸ் ஒன்றின் இரண்டு கால்களிலும் ஒயரைப் பற்றவைத்து, மறுமுனைகளை ஹோல்டரில் சேர்த்தால் கருவி தயார். ஃபியூஸ் இருந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் இந்தப் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் அளவுக்கு மேல் கரண்டை விடாது. ஃபியூஸும் வீணாகாது, ஒயரும் சுடாது. நிதானமாகத் தேடலாம். பல்பு மட்டும் நன்றாகக் கொதிக்கும், பிளாஸ்டிக்கிலோ சீட் துணியிலோ படாமல் தொங்கவிடுங்கள்.

செருகுவதற்கு முன் அந்த ஃபியூஸில் ஓடும் எல்லா பல்புகளையும் கழற்றிவிடுங்கள். முன்பக்க பார்க் லைட் இரண்டு, பின்பக்கம் இரண்டு, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்குகள். இதை விட்டால் அவை வழியாகவும் கரண்ட் போய் நம் பல்பு மங்கலாக எரியும், எது ஷார்ட், எது இல்லை என்று குழம்பிப்போவோம். மல்டிமீட்டரில் பீப் வைத்துத் தேடுகிறவர்களும் இங்கேதான் ஏமாறுவார்கள். எரியாத பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை சில ஓம்தான், மீட்டர் அதையே ஷார்ட் என்று கத்தும்.

எங்கள் வண்டியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டேன். பல்பு எரியவில்லை. நின்று நின்று வரும் ஷார்ட் என்றால் இப்படித்தான் இருக்கும். அப்போது ஒயர்க்கட்டை ஓரோர் இடமாக மெல்ல அசைக்க வேண்டும்: ஸ்டியரிங்குக்குக் கீழே, கதவுக் கீல் பக்கம், டிக்கிக் கதவுக்கு ஒயர் ஏறும் இடம், பாடித் துளைகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள். பழைய வண்டியில் ரப்பர் இறுகி வெடித்து, தகட்டு விளிம்பு ஒயரை அறுத்திருக்கும். எலி கடித்த தடயமும் பாருங்கள். முக்கியமாக, பிறகு சேர்த்த சாமான்களைச் சந்தேகப்படுங்கள்: ஸ்டீரியோ, ஸ்பீக்கர், ரிவர்ஸ் ஹாரன். கம்பெனி ஒயரிங்கைவிட இவற்றின் ஜாயிண்ட்தான் சீக்கிரம் பிரியும்.

நான் முக்கால் மணி நேரம் அசைத்தும் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் அம்மா, "எங்கே போகணும், கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே இடது பின்கதவு வழியாக ஏறினாள். கதவுக்குக் கீழே இருக்கும் வாசல் பட்டையில் அவள் கால் பட்டதும் பல்பு பளிச்சென்றது. காலை எடுத்தாள், அணைந்தது. "அம்மா, இன்னொரு தடவை மிதி" என்றேன். மறுபடியும் பளிச்.

ஃபியூஸ் எப்போது போகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்திருந்தால் இதை முதல் நாளே பிடித்திருக்கலாம். ஆள் ஏறும்போதா, பள்ளத்தில் விழும்போதா, மழையிலா, பிரேக் மிதிக்கும்போதா? அந்தக் குறிப்பிலேயே பாதி விடை இருக்கும்.

ஷார்ட் விடாமல் நிற்கிற வண்டியில் வேலை இன்னும் சுலபம். முன்பக்க ஒயர்க்கட்டும் பின்பக்க ஒயர்க்கட்டும் சேரும் கப்ளரை (இணைப்பு பிளக்கை) பிரியுங்கள். பல்பு அணைந்தால் கோளாறு பின்பாதியில், அணையாவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியில் அடுத்த கப்ளரைப் பிரியுங்கள். மூன்று நான்கு தடவையில் ஒரு முழ நீளத்துக்குள் வந்துவிடுவீர்கள். ஒயர்க்கட்டில் சுற்றிய டேப்பைத் தலையிலிருந்து வால் வரை உரித்துப் போடத் தேவையே இல்லை.

எங்கள் வாசல் பட்டை அலங்காரத்துக்காகப் பிறகு போட்ட ஸ்டீல் பட்டை. அதைக் கழற்றி, கார்ப்பெட்டை மடக்கி டார்ச் அடித்தேன். கூர்முனை ஸ்க்ரூ ஒன்று தகட்டைத் துளைத்து, கீழே ஓடிய ஒயர்க்கட்டின் நடுவில் இறங்கியிருந்தது. ஒரு ஒயரின் தோலில் நகக்கீறல் அளவுக்கு வெட்டு. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மிதிக்கும்போது பட்டை அழுந்தி ஸ்க்ரூ செம்பைத் தொட்டிருக்கிறது.

சரிசெய்யும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். மைனஸ் முதலில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பச்சை பூத்த பகுதியை முழுதாக வெட்டியெடுத்து, அதே தடிமன் ஒயர்த் துண்டு சேர்த்து, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். வெறும் இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை இளகி ஒரு கோடைக்குள் வழுக்கிவிடும். ஸ்க்ரூ துளைக்குத் துருப்பிடிக்காமல் பெயிண்ட் தொட்டு வைத்தேன். பட்டையைத் திரும்ப மாட்டவில்லை.

உடனே ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள். பேட்டரியை மாட்டி, பல்புக் கருவியோடு சுவிட்சைப் போட்டு, நான்கு கதவையும் அடித்துச் சாத்தி, வாசலிலேயே நாலு பேரை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவைகூட மினுங்கவில்லை என்றால் கழற்றிய பல்புகளை மாட்டி, மூடியில் எழுதிய அளவு ஃபியூஸைச் செருகுங்கள். எங்கள் வண்டியில் அம்மா ஒருத்தியே ஆறு தடவை ஏறி இறங்கினாள்.