கிராஃப்ல நேர் விகிதம் (ஒண்ணு ரெண்டு மடங்கானா இன்னொண்ணும் ரெண்டு மடங்காகுறது) இருக்கான்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

ரெண்டே விஷயம்தான், கோடு நேரா இருக்கணும், அது ஆதிப்புள்ளி (0,0) வழியா போகணும். பசங்க நிறைய பேர் முதல் பாதிய மட்டும் பாத்துட்டு நேர்கோடு வந்தாலே நேர் விகிதம்னு எழுதிடுறாங்க, அங்கதான் மார்க் போகுது. 2013ல சென்னை ஆட்டோ மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. இத வரைஞ்சா 25லயே படுத்துட்டு அப்புறம்தான் ஏறும், அதனால நேர் விகிதம் இல்ல.

சந்தேகமா இருந்தா புள்ளிகள எடுத்து ஒய்ய எக்ஸால வகுத்து பாருங்க. (2,30), (4,60), (6,90) எல்லாத்துலயும் 15 வருதா, ஓகே. எக்ஸ் பொருளோட அளவு, ஒய் அதோட விலைன்னா, எக்ஸ் 1 ஆகுற எடத்துல ஒய் என்னவோ அதுதான் ஒரு யூனிட்டோட விலை. அப்புறம் அச்சு 0லேருந்துதான் ஆரம்பிக்குதான்னு பாத்துக்கோங்க, சில கேள்வில 10லேருந்து ஆரம்பிச்சு நல்லா ஏமாத்துவாங்க!