அறுபதைத் தாண்டியவர்கள் சேர்ந்து காசி யாத்திரை போக

காசி யாத்திரையின் முதல் படியும் கடைசிப் படியும் ராமேஸ்வரம்தான். சேதுவில், அதாவது ராமேஸ்வரக் கடலில், மணல் எடுத்து, பிரயாகையில் (இன்றைய பிரயாக்ராஜ்) கரைத்து, அங்கே கங்கை நீர் எடுத்து, காசியும் கயாவும் முடித்துத் திரும்பி வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. ஓய்வு பெற்றவர்கள் ஒரே தெருவிலிருந்தோ பஜனை மடத்திலிருந்தோ சேர்ந்து கிளம்பும்போது, குழுவில் யாருக்கு முழங்கால் மோசமோ அவருடைய நடைக்குத்தான் திட்டம் போட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பெரிய காரியம், மதியம் இரண்டு மணி நேரம் படுக்கை. இதைக் குறைத்தால் மூன்றாம் நாள் பாதிப் பேர் அறையிலேயே தங்கிவிடுவார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு படகில் எல்லோரும் ஏறலாம், தலை எண்ணுவதும் சுலபம். அதில் திடமாக நடக்கக்கூடியவர் இருவர், இந்தி பேசுபவர் ஒருவர் கட்டாயம்.

காலம்: அக்டோபர் பின்பகுதி, நவம்பர், பிப்ரவரி பின்பகுதி முதல் மார்ச் நடுவரை. ஆடி, ஆவணியில் கங்கை ஏறிப் படித்துறைகள் மூழ்கும், படகு ஓடாது. டிசம்பர் பின்பகுதியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். நல்ல மாதங்களிலும் கார்த்திகைப் பௌர்ணமியையும் சிவராத்திரியையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நெரிசலில் வயதானவர்களை நடத்திக் கூட்டிப் போக முடியாது.

அடுத்தது டிக்கெட். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது செல்லும். எல்லோரும் ஒன்றாக உட்காரலாமே என்று ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு போய்விடும். எழுபது வயதுக்காரர் அப்பர் பெர்த்தில் ஏற வேண்டிவரும். இரண்டிரண்டு பேராக, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். ஒரே பெட்டியில் வராவிட்டாலும் பரவாயில்லை.

ரயிலில் கழிவறைக்குப் போக அலுத்துக்கொண்டு பலர் தண்ணீரே குடிப்பதில்லை. மறுநாள் தலைசுற்றல், நீர்க்கடுப்பு எல்லாம் அதனால்தான். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். பயண நாட்களோடு ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

ராமேஸ்வரத்தில் முதலில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத் துணியை ஒருவர் வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும். பிராகாரத் தரை எப்போதும் நனைந்தே இருக்கும், கைகோத்து நடங்கள். மணலைச் சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் என்று மூன்றாகப் பிடித்துப் பூஜை செய்வார்கள். வேணி மாதவர் மணல்தான் உங்களோடு வரும். அதை ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் நாற்றம் எடுக்கும். ஒரு நாள் துணியில் பரப்பி உலர்த்தி, துணிப்பையில் முடிந்துகொள்ளுங்கள்.

பிரயாகையில் கங்கையும் யமுனையும் கூடும் சங்கமத்துக்குப் படகில்தான் போக வேண்டும். நதிநடுவே படகுகளுக்கிடையே பலகை கட்டியிருப்பார்கள், அதைப் பிடித்தபடி முழுக்கு. மணலை இங்கே கரைக்க வேண்டும். தம்பதியாகப் போனவர்கள் வேணி தானம் செய்வது வழக்கம்: கணவர் மனைவியின் தலையை வாரிப் பின்னி, நுனியில் கொஞ்சம் நறுக்கிச் சங்கமத்தில் விடுவார். சீப்பு, சின்னக் கத்தரிக்கோல், மஞ்சள் குங்குமம், பூ இவற்றை முதல் நாள் இரவே ஒரு பையில் போட்டுவிடுங்கள். ஆடுகிற படகில் தேட முடியாது. கங்கை நீரைக் காசியில் எடுக்காமல் இங்கே எடுப்பதே மரபு. சொம்பின் வாயை ஈயம் வைத்து அடைக்கச் சொல்லி, கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படகுக்கும் வாத்தியாருக்கும் தட்சிணைக்கும் தொகையைச் சங்கல்பத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். உள்ளங்கையில் தர்ப்பையும் தண்ணீரும் இருக்கும்போது கேட்டால் யாராலும் மறுக்க முடியாது, மனக்கசப்புதான் மிஞ்சும்.

காசியில் தமிழர்களுக்கு இடம் புதிதல்ல. கேதார் படித்துறையில் குமாரசுவாமி மடம், அனுமன் படித்துறைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள், நகரத்தார் சத்திரத்திலிருந்து தினமும் ‘சம்போ’ முழக்கத்தோடு விஸ்வநாதருக்குப் போகும் பூஜைப் பொருட்கள். அந்த ஊர்வலத்தின் பின்னால் நடந்து பாருங்கள், மனசு நிறைந்துவிடும். அறை எங்கே எடுத்தாலும் தரைத்தளமா, மேற்கத்தியக் கழிவறை உண்டா, ஆட்டோ எதுவரை வரும் என்று மூன்றையும் போனிலேயே கேளுங்கள். சந்துகளுக்குள் நடைதான். படித்துறையில் இறங்கும்போது பாசி படிந்த கடைசிப் படிகள்தான் ஆபத்து: பக்கவாட்டில் திரும்பி, சங்கிலியையோ ஆளையோ பிடித்து, ஒவ்வொரு படியாக. கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை; எந்த வாசலில் சந்திப்பது என்பதை முன்பே எல்லோரும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கயாதான் உடம்புக்கு மிகக் கடினமான நாள். பல்குனி நதி, விஷ்ணு பாதக் கோயில், அட்சய வடம் என்ற ஆலமரம், மூன்று இடத்திலும் பிண்டம் வைத்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிடும், அதுவரை சாப்பாடு கிடையாது. சர்க்கரை உள்ளவர் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம்: வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். அன்றைக்கு எதை எவ்வளவு போடலாம் என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பால் குடிக்கலாமா என்பதை வாத்தியாரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அனுமதிப்பார்கள். குளுக்கோஸ் பொட்டலம் இடுப்பிலேயே இருக்கட்டும்.

அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, பாட்டிகள் உட்பட எல்லோர் பெயரும் கோத்திரமும் எழுதிய தாளோடு போக வேண்டும். கொள்ளுப்பாட்டி பெயர் அங்கே போய் நினைவு வராது. பிள்ளையில்லாமல் போன அத்தை, இளவயதில் இறந்த நண்பன், இவர்களுக்கும் காருண்ய பிண்டம் உண்டு. யார் யார் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். அட்சய வடத்தில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை இனிச் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிக்கொண்டால், மருத்துவர் சாப்பிடச் சொன்ன கீரை போய்விடாது.

பொதுச் செலவுக்கு ஒரே பை, ஒரே நோட்டு. அறை, சாப்பாடு, ஆட்டோ, படகு பொது. தட்சிணை, பட்டுப்புடவை, மருந்து அவரவருக்கு. இரவு படுக்குமுன் அன்றைய கணக்கை வாசித்துவிடுங்கள். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்த குழுக்களில்தான் முப்பது வருடச் சிநேகம் முறிகிறது.

திரும்பியதும் பெரிய சொம்பு ராமநாதருக்கு. சிறு சொம்புகளைத் தலைக்கு இரண்டாக வாங்கியிருந்தால், ஒன்று வீட்டுக் கங்கா பூஜைக்கும், அதையொட்டிப் பலரை அழைத்துச் சாப்பாடு போடும் சமாராதனைக்கும் ஆகும். இன்னொன்றை, வர ஆசையிருந்தும் படுக்கையை விட்டு எழ முடியாத பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.