நெட் எங்கே அறுந்தது? அதை ஸ்கிரிப்ட்டே பார்த்துச் சொல்லட்டும்

"நெட் வரவில்லை" என்று இணைப்பு கொடுத்தவரிடம் புகார் சொன்னால், "எப்போதிலிருந்து?" என்று கேட்பார்கள். அதற்கு நேரத்தோடு பதில் சொல்ல ஏழெட்டு வரி ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) போதும். லினக்ஸ் கணினியோ ராஸ்பெர்ரி பையோ இருந்தால் சரி. கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் டெர்மினலில் "பிங் 8.8.8.8" கொடுங்கள். அந்த எண் கூகுளின் பொது டிஎன்எஸ் (இணையப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரி. 1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங், ஒரு சின்ன பேக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும். லினக்ஸில் நாம் கண்ட்ரோல்-சி அழுத்தும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கிரிப்ட்டுக்கு அது சரிப்படாது. "-சி 3" சேர்த்தால் மூன்று பேக்கெட்டோடு நிற்கும்.

திரையில் வருவதை ஸ்கிரிப்ட் படிக்க வேண்டியதில்லை. பிங் முடிந்ததும் ஒரு எண்ணை விட்டுச் செல்லும். ஒரு பதிலாவது வந்திருந்தால் 0, எதுவுமே வராவிட்டால் 1. "இஃப்" பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

8.8.8.8-ஐ மட்டும் சோதித்தால் அறுந்தது தெரியும், எங்கே என்று தெரியாது. அதனால் மூன்று இடங்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்போம்: ரவுட்டர், வெளியே ஒரு எண் முகவரி, அப்புறம் ஒரு பெயர் முகவரி.

#!/பின்/பேஷ்
இஃப் ! பிங் -சி 3 192.168.1.1 > /டெவ்/நல்; தென்
எக்கோ "$(டேட்) ரவுட்டர்"
எலிஃப் ! பிங் -சி 3 8.8.8.8 > /டெவ்/நல்; தென்
எக்கோ "$(டேட்) லைன்"
எலிஃப் ! பிங் -சி 3 விக்கிப்பீடியா.ஆர்க் > /டெவ்/நல்; தென்
எக்கோ "$(டேட்) டிஎன்எஸ்"
ஃபை

ஆச்சரியக்குறிக்கு "இல்லையென்றால்" என்று பொருள். அதன் இருபுறமும் இடைவெளி கட்டாயம். /டெவ்/நல் என்பது பிங் திரையில் எழுதுவதை வீசியெறியும் இடம். உங்கள் ரவுட்டர் முகவரி வேறாக இருக்கலாம். "ஐபி ரூட்" கொடுத்தால் "டிஃபால்ட் வயா" என்பதற்குப் பக்கத்தில் இருக்கும். "ரவுட்டர்" என்று பதிவானால் கோளாறு வீட்டுக்குள்தான். வைஃபையையோ கேபிளையோ பாருங்கள். "லைன்" என்றால் பெரும்பாலும் புகார் கொடுக்க வேண்டிய சங்கதி. "டிஎன்எஸ்" என்றால் இணைப்பு உயிரோடிருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் சிக்கல். இதைத்தான் பலர் நெட்டே போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள்.

கோப்பை ஹோம் ஃபோல்டரில் (~ என்பது அதுதான்) நெட்.எஸ்ஹெச் என்று சேமித்து, "சிஹெச்மோட் +எக்ஸ் நெட்.எஸ்ஹெச்" கொடுத்தால் ஓடத் தயார். தானாக ஓட, குறித்த நேரத்தில் ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியலை "க்ரான்டாப் -இ" கொடுத்துத் திறந்து இந்த வரியைச் சேர்க்கவும்:

*/5 * * * * ~/நெட்.எஸ்ஹெச் >> ~/நெட்.லாக்

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும்; கோளாறு இருந்தால் மட்டும் ஒரு வரி சேரும். >> இரட்டையாக இருக்கட்டும். ஒற்றை > போட்டால் ஒவ்வொரு முறையும் பழைய பதிவு அழிந்துவிடும்.

விண்டோஸில் இதே வேலைக்கு "-சி"க்குப் பதில் "-என்" வரும். ஆனால் அங்கே ஒரு வில்லங்கம்: சேரிடத்தை அடைய முடியவில்லை என்று வரும் செய்தியையும் விண்டோஸ் பிங் பதிலாகவே எண்ணி 0 கொடுத்துவிடும். அங்கே எண்ணை நம்பாமல், வெளியீட்டில் "டிடிஎல்=" இருக்கிறதா என்று தேடுங்கள்.