மணல் ஆலைக்கு ரயில் சைடிங்: வரைய வேண்டிய வரிசை

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் செல்லும் பாதையை ஒட்டி, கண்ணாடிக்கும் வார்ப்படத்துக்கும் மணல் தரும் ஆலையைத் திட்டமிடுவோர் பலர், ஆலையின் வரைபடத்தை முடித்துவிட்டு, மீந்த மூலையில் தண்டவாளத்தை வளைத்து நுழைக்கப் பார்க்கிறார்கள். சைடிங்கை, அதாவது பிரதான பாதையிலிருந்து ஆலைக்குள் பிரியும் தனிப் பாதையை, முதலில் வரைந்து, உலர்த்தும் கூடத்தையும் சேமிப்புக் கலன்களையும் அதற்கேற்ப அமைப்பதே முறை.

காரணம் நீளம். மேற்புறம் திறந்த பாக்ஸ்-என் வகை வேகன்கள் 58 கொண்ட ஒரு முழு ரேக் (ஒன்றாகக் கோத்த வேகன் தொடர்) ஏறத்தாழ 630 மீட்டர் நீளும். எஞ்சினுக்கும் இடம் விட்டு, வண்டியை ஒதுக்கி நிறுத்தும் லூப் பாதையை 686 மீட்டராக வைப்பது ரயில்வேயின் வழக்கம். ரேக்கை நிறுத்திவைத்து, பக்கவாட்டு மேடையிலிருந்து லோடர்கள் ஏற்றுவதானால் இந்த நீளமே போதும். ஆனால் கலனின் வாய்க்குக் கீழே வண்டியை மெல்ல நகர்த்தி ஏற்ற விரும்பினால், வாய்க்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ரேக் நீளம் தேவைப்படும், அதாவது 1.25 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு நிலம் இல்லையெனில் ரேக்கைப் பிரித்து ஏற்ற வேண்டும், அதற்கு நேரம் போகும், தாமதக் கட்டணம் ஏறும்.

வேகன்கள் நிற்கும் யார்டின் சரிவு 400 மீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஞ்சின் கழற்றிய வேகன்கள் தாமாக உருளக்கூடும். புறநகர் மின்தொடர்களும் ஓடும் பிரதான பாதையில் சைடிங் சேருவதால், உருண்டு வரும் வேகனைப் பாதைக்கு வெளியே இறக்கிவிடும் டெரெயிலிங் சுவிட்சையோ, அதை முட்டி நிற்கச் செய்யும் தனி முட்டுப்பாதையையோ சந்திப்பில் வைக்க வேண்டும். சந்திப்பைத் திறப்பதற்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் தேவை. 25,000 வோல்ட் மேல்கம்பியை ஏற்றுமிடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, உள்ளே டீசல் எஞ்சினைப் பயன்படுத்துவது நலம்.

அனுமதிக்கு, 2021 டிசம்பரில் வெளியான கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையின்படி ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் விண்ணப்பித்து, கொள்கை அளவிலான ஒப்புதலுக்குப் பின் விரிவான திட்ட அறிக்கையைத் தர வேண்டும். சிலிக்கா மணல் 2015 முதல் சிறுகனிமம் என்பதால், வெட்டியெடுக்கும் உரிமத்தை மாநிலக் கனிமவளத் துறையிடம் தனியே பெற வேண்டும்.

கொசஸ்தலையாறு, ஆரணியாறு வடிநிலத்தின் தாழ்ந்த களிமண்ணில் தண்டவாளத்துக்குக் கரை எழுப்பும்போது, வடகிழக்குப் பருவமழை நீர் கடக்கச் சிறுபாலங்களை முதலிலேயே கட்டிவிடுவது சிக்கனம்.

வரைபடத்தில் இடம்பெறாமல் போகும் ஒன்று உண்டு. எண்ணூர்ப் பகுதியில் நிலக்கரி சுமக்கும் திறந்த வேகன்களே உங்களுக்கும் வரக்கூடும். அவற்றில் ஒட்டிய கரித்தூள் கண்ணாடி மணலைக் கெடுத்துவிடும். சிமெண்டைச் சோதிக்கும் தரமணலுக்கே பெயர்பெற்ற எண்ணூர்ப் பக்கத்தில் இது விந்தைதான். ஆகவே வேகன்களைக் கூட்டிக் கழுவ ஓரிடத்தை ஒதுக்குங்கள், உலர்த்திய உயர்தர மணலை மூட்டையாக்கி மூடிய வேகன்களில் அனுப்புங்கள். நனைந்த மணல் எடை கூடும் என்பதால், எடைமேடையை ஏற்றுமிடத்துக்கு வெகு அருகில் வையுங்கள். மிகுதியாக ஏறிய வேகனை அங்கேயே குறைத்துவிடலாம்.