மீன் தொட்டியில் ஹைட்ரா வந்தால்

தொட்டிக் கண்ணாடியில் நுனி பிரிந்த நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறதா? குச்சியால் லேசாகத் தொடுங்கள். சட்டென்று சுருங்கிப் பொட்டாகிவிட்டால் அது ஹைட்ரா என்ற சின்ன நீர்வாழ் உயிரி. பெரும்பாலும் புதுச் செடியோடு வந்திருக்கும். பெரிய மீன்களுக்கு ஆபத்தில்லை; பிறந்த குஞ்சுகளும் இறால் குட்டிகளும்தான் அதன் கொட்டும் கைகளில் மாட்டும்.

நசுக்கித் தேய்க்காதீர்கள், சிறு துண்டுகூட முழு ஹைட்ராவாக வளர்ந்துவிடும். முதலில் தீனியைக் குறையுங்கள். மிஞ்சும் தீனியால் பெருகும் சிற்றுயிர்கள்தான் அதற்குச் சாப்பாடு. அப்புறம், இடமிருந்தால் ஒரு கௌராமி மீன் விடலாம், ஹைட்ராவைத் தின்னும். குஞ்சுத் தொட்டியில் மட்டும் வேண்டாம், குஞ்சையும் சேர்த்து விழுங்கிவிடும். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தும் கேட்கும். ஆனால் நத்தை வளர்ப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.